பெயர் வேண்டாம் என்றவருக்கு

கேள்வி: ‘ஷோஸ் செக்ரெத்’ என்ற பிரெஞ்சுப் படத்தைப் பார்த்தேன். இரண்டு பெண்கள் ஆபீஸில் ஆண்களை மயக்கியே மேலே மேலே போகிறார்கள். இந்த ஆபாசத்தைப் போய் 2002-இன் சிறந்த படம் என்று ஒரு பெரிய சினிமாப் பத்திரிகை கொண்டாடியதாமே! பெண் நினைத்தால் எந்த ஆணையும் கவிழ்த்துவிடலாம் என்பதைத் தவிர இதில் என்ன இருக்கிறது? (என் பெயரை வெளியிட வேண்டாம்.)
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பெயரை எடுத்துவிட்டேன். ஏறக்குறைய இரண்டு மணி நேரப் படம். முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் கோபப்படுகிறீர்கள், சந்தோஷம். ஆனால் முதல் கால் மணி நேரத்தில் உங்கள் கவனம் வேறெங்கோ இருந்திருக்கிறது. எங்கே என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கால் மணி நேரத்தில் என்ன நடக்கிறது? இரவு விடுதி ஒன்றில் நத்தாலி மேடையில் ஆடுகிறாள், ஸாந்த்ரின் பாரில் ஊற்றிக் கொடுக்கிறாள். வாடிக்கையாளரோடு போகச் சொல்கிறார்கள், ஸாந்த்ரின் மாட்டேன் என்கிறாள். நத்தாலி அவள் பக்கம் நிற்கிறாள். இருவருக்கும் வேலை போகிறது. ஸாந்த்ரினுக்கு வாடகை கொடுக்கவும் வழியில்லை, நத்தாலியின் வீட்டில் போய் ஒண்டிக்கொள்கிறாள். ஆக, இந்தப் பெண்கள் முதலில் கற்ற பாடம் மயக்குவதல்ல. மறுத்தால் வேலை போகும் என்பதுதான். எப்படியும் கேட்கத்தான் போகிறார்கள், விலையை நாமே வைப்போம் என்ற கணக்கு அதற்கப்புறம்தான் வருகிறது.

கணக்கைப் போடுபவள் நத்தாலி. அவளுடைய ஒரே நிபந்தனை, யார் மீதும் காதல் வந்துவிடக் கூடாது. ஸாந்த்ரின் ஒரு பெரிய நிறுவனத்தில் செக்ரட்டரியாகி, தெலாக்ருவா என்ற நடுத்தர வயது அதிகாரியை மெல்ல மெல்ல வளைக்கிறாள். படத்தின் நல்ல பகுதி இதுதான். ஃபைல், மேஜை, எல்லோரும் கிளம்பிப் போன பிறகும் எரிகிற ஆபீஸ் விளக்கு என்று, யார் யாருக்கு உத்தரவு போடுகிறார்கள் என்பது சத்தமில்லாமல் இடம் மாறுகிறது. அப்புறம் வருகிறான் கிறிஸ்தோஃப், முதலாளியின் மகன். அவனுக்காகத் தீக்குளித்த பெண்கள் உண்டு என்கிறது கதை. இருவரின் திட்டமும் அவனிடம் செல்லுபடியாகவில்லை. நிபந்தனை போட்ட நத்தாலியே அவனிடம் மனதைக் கொடுத்துவிடுகிறாள், அவன் கல்யாணம் செய்துகொள்வதோ ஸாந்த்ரினை. எல்லாப் படியும் ஏறிய பிறகு தெரிகிறது, கட்டடமே அவன் அப்பாவுடையது. கடைசியில் அவனைச் சாய்ப்பது கவர்ச்சி அல்ல, துப்பாக்கி. அவனைச் சுட்ட நத்தாலி சிறைக்குப் போகிறாள். ‘எந்த ஆணையும் கவிழ்த்துவிடலாம்’ என்று இதிலிருந்து எப்படி எடுத்தீர்கள்?

பின்பாதி எனக்கும் பிடிக்கவில்லை. மாளிகை, கும்பல் காமம், பின்னணியில் சாஸ்திரிய சங்கீதம் என்று இயக்குநர் தத்துவத்தை அள்ளிக் கொட்டுகிறார். வாடகைப் பாக்கியில் தொடங்கிய கதைக்கு இவ்வளவு ஜிகினா தேவையில்லை.

மயக்கி மேலேறுவது பிரெஞ்சுக்காரர்களுக்குப் பழைய கதை. ஏறியவர்கள் ஆண்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஸ்தாந்தால் 1830-இல் எழுதிய ‘சிவப்பும் கறுப்பும்’ நாவலில் ஜூலியன் சொரேல் மரம் அறுப்பவரின் மகன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்த வீட்டில், எஜமானி அம்மாளின் கையை இன்றிரவு பத்து மணி அடிப்பதற்குள் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் மாடிக்குப் போய்ச் சுட்டுக்கொள்ள வேண்டும் என்று தனக்குத் தானே கெடு வைக்கிறான். கடைசி மணியோசை அடங்குவதற்குள் கையை நீட்டிப் பிடித்தும்விடுகிறான். அதில் காதலைவிட வைராக்கியம்தான் அதிகம். மாப்பசானின் ‘பெல் அமி’ 1885. பாரிஸ் தெருவில் கதாநாயகன் துருவா நடந்து வரும்போது, மாதக் கடைசிவரை ஓட்ட அவன் பையில் இருப்பது 3 ஃபிராங்க் 40 சாந்தீம். நாவல் முடியும்போது பத்திரிகை முதலாளியின் மகளை மதலேன் தேவாலயத்தில் கைப்பிடித்து, படியில் நின்று எதிரே தெரியும் நாடாளுமன்றத்தைப் பார்க்கிறான். நடுவில் ஏணிப்படியாக இருந்தவர்கள் எல்லாம் பெண்கள், மணமகளின் தாய் உட்பட. அந்த நாவல்களைப் படித்துவிட்டு ‘ஆண் நினைத்தால்…’ என்று இந்தப் பகுதிக்கு இதுவரை ஒருவரும் எழுதியதில்லை.

ஆபாசமா என்று கேட்டீர்கள். திரையில் இருப்பதைவிட அசிங்கமான விஷயம் திரைக்கு வெளியே நடந்தது. இயக்குநர் ழான் க்ளோத் பிரிசோ பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், பிரெஞ்சு இயக்குநர் எரிக் ரோமர் கண்ணில் பட்டு சினிமாவுக்கு வந்தவர். இந்தப் படத்துக்கு நடிகைகளைத் தேர்வு செய்வதாகச் சொல்லி, கேமரா முன் அந்தரங்கச் செயல்களைச் செய்யச் சொன்னார். சிலரை மாதக்கணக்கில் இழுத்தடித்தார், வாய்ப்பும் தரவில்லை. வழக்கு நடந்தது. பாலியல் தொந்தரவு செய்த குற்றத்துக்காக 2005 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் ஓராண்டு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் 15,000 யூரோ அபராதமும் விதித்தது. மனிதர் அசரவில்லை. மறு ஆண்டே, அப்படித் தேர்வு நடத்தப்போய் மாட்டிக்கொள்ளும் ஒரு இயக்குநரைப் பற்றிப் படம் எடுத்தார், பாதிக்கப்பட்டவர் இயக்குநர்தான் என்கிற தொனியில். 2018 ஜனவரியில் இவர் படங்களை வரிசையாகத் திரையிட இருந்த பாரிஸ் சினிமாதெக் என்ற திரைப்படக் காப்பகம், எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிவைத்தது. 2019-இல் இறந்துபோனார்.

அதனால், பெண்கள் மயக்கி மேலேறுவதைக் காட்டும் படத்துக்குள் நுழையவே, கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆணின் சொற்படி நடக்க வேண்டியிருந்தது. இவர் மாதிரி ஆட்களைப் பற்றித்தான் படத்தின் முதல் கால் மணி நேரம் சொல்கிறது. எடுத்தவருக்கே அது உறைக்கவில்லை, உங்களைச் சொல்லி என்ன?

நீங்கள் சொன்ன பத்திரிகை ‘கயே து சினிமா’. அவர்கள் அந்த ஆண்டு முதலிடத்தில் இதை மட்டும் வைக்கவில்லை, ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமியின் ‘டென்’ படத்தையும் சேர்த்தே வைத்தார்கள். தெஹ்ரானில் ஒரு பெண் கார் ஓட்டுகிறாள், பக்கத்து சீட்டில் ஆட்கள் ஏறி இறங்குகிறார்கள், பேசுகிறார்கள். பத்தே உரையாடல்கள். ஒரு ராத்திரி தவறுதலாக ஏறிவிட்ட விலைமாது, முகத்தைக் காட்டாமலே, காரோட்டும் குடும்பப் பெண்ணைப் பார்த்து, நீங்கள் மொத்த வியாபாரம், நாங்கள் சில்லறை என்கிற அர்த்தத்தில் ஒன்று சொல்லிச் சிரிக்கிறாள். ஆபாசம் என்று சொல்ல ஒரு காட்சியும் இல்லாத படம். பார்த்துவிட்டு எழுதுங்கள், அந்தக் கேள்வியையாவது பெயரோடு போடுவோம்.