கூபோலாவும் கூண்டும்

வணக்கம் சார்,

லோதி தோட்டத்தைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்தேன். முகமது ஷா கல்லறையின் மேலே சுற்றிலும் நிற்கும் சின்னச் சின்ன மண்டபங்களை 'கூபோலா' என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே 'அதாவது குவிமாடம்' என்று போட்டிருந்தீர்கள். அந்த இடம் எனக்கு இடித்தது. எனக்குச் சொந்த ஊர் கோவை. அப்பா கணபதியில் ஒரு பவுண்டரியில் இருபத்தெட்டு வருடம் உலை பார்த்தவர். எங்கள் வீட்டில் கியூப்பலா என்றால் இரும்பு உருக்கும் உலைதான். "இன்னைக்கு கியூப்பலா ஓடுது" என்று சொல்லிவிட்டுப் போனால் ராத்திரி வர நேரமாகும் என்று அர்த்தம். போதாததற்கு, விண்வெளி நிலையத்திலும் ஒரு கூபோலா இருக்கிறது என்று என் மகள் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டுகிறாள். மூன்றும் ஒரே சொல்லா? அப்படியானால் எல்லாவற்றுக்கும் குவிமாடம் என்று எழுதிவிடலாமா? அப்பாவிடம் சொன்னால் சிரிப்பார்.

கே.எஸ்., துவாரகா, தில்லி

அன்புள்ள கே.எஸ்.,

உங்கள் அப்பா சிரிக்கட்டும், தப்பு என்னுடையதுதான். ஒன்றல்ல, இரண்டு. அந்த மண்டபங்களைக் கூபோலா என்றது முதல் தப்பு. கூபோலாவைக் குவிமாடம் என்றது இரண்டாவது.

உங்கள் கடிதம் வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி லோதி தோட்டத்துக்குப் போனேன். (இந்த முகமது ஷா சையது வம்சத்துக்காரர், பதினைந்தாம் நூற்றாண்டு. மொகலாய முகமது ஷா வேறு ஆள், அவர் நிஜாமுதீன் தர்காவில் படுத்திருக்கிறார். இதையும் எத்தனையோ பேர் குழப்பிக்கொள்கிறார்கள், நான் உட்பட.) எண்கோணக் கட்டடம். வெளியே புல்வெளியில் நின்று சுற்றி வந்து எண்ணினால், நடுவிலுள்ள பெரிய கும்மட்டத்தை, அதாவது குவிமாடத்தை, சுற்றி எட்டு குட்டி மண்டபங்கள். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் ஒன்றுகூடத் தெரியாது. பெரிய கும்மட்டத்தின் உள்பக்கம் மட்டும்தான் தெரியும். அந்த எட்டும் கூரைமேல் சும்மா நிற்கின்றன. அடியில் ஓட்டை இல்லை. கீழே இருக்கும் அறைக்கு அவற்றால் வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. புறாவுக்கு நிழல், அவ்வளவுதான்.

அதற்கு இந்த ஊரில் பெயர் சத்ரி. சத்ரி என்றால் குடை. நாலு தூணோ ஆறு தூணோ நிறுத்தி, மேலே ஒரு சின்னக் கும்மட்டம் கவிழ்த்தால் சத்ரி. இந்தியா கேட் பின்னால் நிற்பதும் இந்த ஜாதிதான். ஐந்தாம் ஜார்ஜ் சிலைக்காகக் கட்டியது. 1968ல் சிலையை எடுத்துவிட்டார்கள். 2022ல் நேதாஜி வரும்வரை அரை நூற்றாண்டுக்கும் மேல் அந்தக் குடை அடியில் யாருமே இல்லாமல் விரித்தபடி நின்றது. ஆங்கிலப் புத்தகங்களில் சத்ரியைக் கூபோலா என்று எழுதுவது சகஜம். அங்கிருந்துதான் எனக்கும் தொற்றியது.

ஐரோப்பாக்காரர் கூரைமேல் வைக்கும் கூபோலாவுக்கு அடியில் பெரும்பாலும் ஓட்டை உண்டு. கூரையின் உச்சியைத் திறந்து, அதன்மேல் சின்னதாக ஒரு கூண்டு கட்டி, பக்கங்களில் கண்ணாடியோ சாய்வுப் பலகையோ வைப்பார்கள். சூடான காற்று மேலே ஏறி அந்த வழியாகப் போய்விடும், வெளிச்சம் கீழே இறங்கும், மழை மட்டும் உள்ளே வராது. அமெரிக்காவில் வைக்கோல் அடைக்கும் பழைய கொட்டகைகள் பலவற்றின் முகட்டில் இது உண்டு. ஈர வைக்கோல் தானாகவே சூடாகும், ஆவி வெளியே போயாக வேண்டும். ஆக, பார்க்க எப்படி இருக்கிறது என்பதை விட, அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சரியான சோதனை.

அந்த வேலையைத் தில்லியில் செய்தது 'ரோஷன்தான்' என்கிற வெளிச்ச ஜன்னல். அரசாங்கக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். நாங்கள் லோதி காலனியில் இருந்தபோது, உத்தரத்துக்குக் கொஞ்சம் கீழே, கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். நடுவில் ஆணி அடித்துத் தராசு மாதிரி ஆடும் கதவு. அதைத் திறக்க மூட ஒரு நூல்கயிறு தொங்கும், நுனி எப்போதும் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். மே மாதம் மேற்கே வானம் செம்மண் நிறத்துக்கு மாறினால், "ஆந்தி வரது, கயித்தை இழுடா" என்று அம்மா சமையலறையிலிருந்து கத்துவாள். அதில் பாதி நாள் கயிறு அறுந்திருக்கும். மறுநாள் காலை துவரம்பருப்பு டப்பா வரைக்கும் மண். எங்கள் வீட்டுக் கூபோலா அதுதான் என்று இப்போது படுகிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். லத்தீனில் கூபா என்றால் பீப்பாய், தொட்டி. கூபுலா அதன் சின்ன வடிவம், குட்டித் தொட்டி. இத்தாலிக்காரர் அதைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், கூபோலா ஆயிற்று. அவர்களுக்குச் சின்னது பெரியது என்ற பேச்சே கிடையாது, முழுக் கும்மட்டமும் கூபோலாதான். பிளாரன்ஸ் தேவாலயத்தின் மேல் புருனெல்லெஸ்கி 1420லிருந்து 1436 வரை எழுப்பிய அந்த மலைபோன்ற செங்கல் மாடத்தை அந்த ஊரில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதன் தலையில் இருக்கும் ஜன்னல் வைத்த சின்னக் கூண்டு அவர்களுக்கு லாந்தர். ஆங்கிலேயர் சொல்லைக் கடன் வாங்கி உச்சரிப்பையும் மாற்றி, பெரியதை டோம் என்று வைத்துக்கொண்டு, தலையில் இருக்கும் சின்னதுக்குக் கூபோலாவைக் கொடுத்துவிட்டார்கள். பெரிய வீட்டுக்குச் சொந்தக்காரன் மொட்டைமாடி அறைக்குக் குடிபோன கதை. அந்த லாந்தரின் உச்சியிலிருந்த செப்புப் பந்து 1600ல் இடி விழுந்து கீழே உருண்டது. இங்கே ஹுமாயூன் கல்லறையின் கலசம் 2014 மே மாதப் புயலில் விழுந்தது, புதிதாகச் செய்து 2016ல் ஏற்றினார்கள். உயரத்தில் எதையாவது வைத்தால் இப்படித்தான்.

இனி உங்கள் அப்பாவின் கியூப்பலா. எண்பதுகளில் பீளமேட்டுப் பக்கம் மாமா ஒருவர் கூட்டிப்போய்க் காட்டினார், ஒரே ஒருமுறை. நான் அதில் பார்த்தது கும்மட்டத்தை அல்ல, நிற்கவைத்த பீப்பாயை. நெட்டுக்குத்தாக ஒரு இரும்பு உருளை, உள்ளே நெருப்புக்கல் பூச்சு. அடியில் இரண்டு கதவு, அதைத் தாங்க ஒரு முட்டு. கதவை மூடி, மணலைக் கெட்டித்து, விறகு வைத்து கோக் கரியைப் பற்றவைக்கிறார்கள். கரி பழுத்ததும் மேல்வாய் வழியாக இரும்பு, கரி, சுண்ணாம்புக்கல், மறுபடி இரும்பு என்று அடுக்கடுக்காகக் கொட்டுகிறார்கள். பக்கத்துத் துளைகளில் ப்ளோயர் காற்று. வார்ப்பிரும்பு சுமார் 1,200 டிகிரியில் இளகிவிடும். சுண்ணாம்பு அழுக்கையெல்லாம் இழுத்துக் கசடாக்கி மேலே மிதக்கும், அது வெளியேறத் தனித் துளை. கீழ்த்துளையைக் களிமண் உருண்டையால் அடைத்திருப்பார்கள். ஒருவர் நீளக் கம்பியால் அதைக் குத்தினார். முதலில் ஒன்றும் வரவில்லை. இன்னொரு குத்து. விரல் தடிமனில் வெள்ளையாக ஒரு கோடு வளைந்து வந்து அகப்பையில் விழுந்தது. பெரிய சத்தம் வரும் என்று காதைப் பொத்திக்கொண்டிருந்தேன். எண்ணெய் ஊற்றுகிற மாதிரி சத்தமே இல்லாமல் ஊற்றியது, பொறிதான் பறந்தது. மாமா தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

பாட்டி வீட்டுக் கும்மட்டி அடுப்பை ஆளுயரத்துக்கும் மேலே வளர்த்தால் இதுதான் என்று அன்றைக்குத் தோன்றியது. கரி, கீழே காற்று வாய், மேலே வேலை. இந்த உலைக்கு 1794லேயே ஜான் வில்கின்சன் என்கிற இங்கிலாந்து இரும்பு முதலாளி காப்புரிமை வாங்கியிருக்கிறார். கோவையில் பம்பும் மோட்டாரும் பெருகியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இப்போது பல இடங்களில் மின்சார உலை வந்துவிட்டது.

கும்மட்டமும் கியூப்பலாவும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட கதை ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆக்ராவும் வார்ப்பட ஊர், அங்கேயும் வரிசையாக கியூப்பலாக்கள். கோக்கிலும் நிலக்கரியிலும் இருக்கும் கந்தகம் புகையோடு போய், காற்றில் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். தாஜ் மகால் பளிங்கு, அமிலம் பட்டால் கரையும். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 30 அன்று தீர்ப்புச் சொன்னது. தாஜைச் சுற்றி 10,400 சதுர கிலோமீட்டர் பகுதியில் கரி எரிக்கும் 292 தொழிற்சாலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், முடியாவிட்டால் இடம் மாற வேண்டும் அல்லது மூட வேண்டும்.

கேட்க எளிது. கியூப்பலாவில் கரி சூடு கொடுப்பதோடு நிற்பதில்லை, மேலே இருக்கும் மொத்த இரும்பையும் அதுதான் தாங்குகிறது. கரியை எடுத்துவிட்டு கேஸ் வைத்தால் இரும்பு எதன் மேல் உட்காரும்? கரி இல்லாத கியூப்பலா என்று ஒரு வகை உண்டு. அதில் உள்ளே தண்ணீர் ஓடும் குழாய்களைக் கம்பிவலை மாதிரி போட்டு, அதன்மேல் வெப்பம் தாங்கும் பீங்கான் உருண்டைகளை நிரப்பி, அதன்மேல் இரும்பை ஏற்றுகிறார்கள். தாஜைப் பற்றிப் படம் எடுப்பவர்கள் இந்த உருண்டையை ஒருநாளும் காட்டமாட்டார்கள். தீர்ப்பு சரியென்றே நினைக்கிறேன். ஆனால் பளிங்கு மஞ்சளாவதைப் பற்றி எழுதியவர்களில் பத்தில் ஒருவராவது உலைக்காரனிடம் போய்ப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மகளுக்குச் சொல்லுங்கள்: விண்வெளி நிலையத்தில் இருப்பதாக அவள் காட்டியதும் அதே சொல்தான். இத்தாலியில், தூரின் நகரத்தில் செய்தது, பெயரும் அங்கிருந்தே வந்தது. 2010 பிப்ரவரியில் எண்டெவர் ஓடத்தில் போனது. சுற்றி ஆறு ஜன்னல், நடுவில் வட்டமாக 80 சென்டிமீட்டரில் ஒன்று. விண்கல் துகள் பட்டுக் கண்ணாடி கெடாமலிருக்க வெளிப்புறம் மூடி. நம் ஊர்க் கூபோலா வானத்தைப் பார்க்கும், இது பூமியைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கிறது.

நாலாவதாக ஒன்று உண்டு, அதை நானே சுமக்கிறேன். போன வருடம் இதே லோதி தோட்டத்தில் 'படா கும்பத்' என்கிற பெரிய கும்மட்டக் கட்டடத்துக்குள் நின்று ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்ததில் கட்டடமே சுழன்றது. காவலாளி தாங்கிக்கொண்டார். காது டாக்டர் படம் போட்டு விளக்கினார். உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய், ஒவ்வொன்றின் அடிப்புடைப்பிலும் ஜெல்லி மாதிரி ஒரு மூடி. தலை திரும்பினால் உள்ளேயிருக்கும் திரவம் அந்த மூடியைச் சாய்க்கும், அதை வைத்து மூளை கணக்குப் போடும். மூடியின் பெயர் குபுலா! எனக்குச் சுண்ணாம்புத் துகள் சில இடம் பெயர்ந்து குழாய்க்குள் போய்விட்டனவாம். கட்டிலில் படுக்கவைத்துத் தலையை அப்படியும் இப்படியும் திருப்பியே சரிபண்ணிவிட்டார். தாஜின் பளிங்கும், உலையில் போடுகிற கல்லும், என் காதுத் துகளும் ஒரே சுண்ணாம்புச் சரக்கு என்று வீட்டுக்கு வந்து சொன்னேன். யாரும் ரசிக்கவில்லை.

தமிழுக்கு என்ன செய்வது? பெரியதுக்கு கும்மட்டம் நம்மிடம் வெகுநாளாக இருக்கிறது, பாரசீகத்தின் கும்பத் வழியாக வந்தது. (கும்மட்டி அடுப்போடு அதற்கு உறவில்லை, ஒலிதான் ஒன்று.) குவிமாடமும் பெரியதுக்கே பொருந்தும். சத்ரியைச் சத்ரி என்றே எழுதலாம், இந்த ஊர்ப் பொருளுக்கு இந்த ஊர்ப் பெயர். கூரைமேல் ஓட்டையோடு நிற்கும் சின்னதுக்குத்தான் சொல் வேண்டும், அதை மேலே எழுதும்போது என்னையறியாமல் 'கூண்டு' என்று இரண்டு தடவை எழுதிவிட்டேன், கவனித்தீர்களா? மணிக்கூண்டு, புகைக்கூண்டு, கூண்டு வண்டி. மேலே நிற்பது, உள்ளே வெற்றிடம் உள்ளது, ஏதோ ஒன்று போக வர வழியுள்ளது, எல்லாம் அதில் வந்துவிடுகிறது. அந்தக் காலத்து அமெரிக்க கூட்ஸ் ரயிலின் கடைசிப் பெட்டியில் கார்டு உட்கார்ந்து பார்க்க மேலே துருத்திக்கொண்டிருந்த கண்ணாடி அறைக்கும் கூபோலா என்றுதான் பெயர், அதைக் கூண்டு என்று யாரிடம் சொன்னாலும் புரியும். ஆகவே இனி எனக்கு அது கூரைக்கூண்டு. பழைய கட்டுரையில் திருத்திவிட்டேன்.

உலையை மட்டும் தொடமாட்டேன். அது உங்கள் அப்பா வாயில் இருக்கிறபடியே கியூப்பலாவாக இருக்கட்டும்.

அவரிடம் எனக்காக ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். அன்றைய வேலை முடிந்ததும் அடிக்கதவைத் தாங்கும் முட்டைத் தட்டிவிடுவார்கள், மிச்சக் கரியும் கசடும் செக்கச்செவேலென்று கொட்டும், எல்லோரும் ஓடி விலகுவார்கள். மாமா அந்த முட்டுக்கு ஒரு பெயர் சொன்னார். நாற்பது வருடமாக யோசிக்கிறேன், நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது.