பக்கவாதத்தில் பேச்சு போனவருக்குப் பாட்டு மட்டும் எப்படி வருகிறது?

உங்கள் பெரியப்பாவுக்குப் பேச்சு வரவில்லை, பழைய பாட்டை மட்டும் முழுசாகப் பாடுகிறார், பேச மனமில்லாமல் அடம் பிடிக்கிறாரா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அடம் இல்லை. பக்கவாதத்தில் பேச்சு போன எங்கள் அப்பாவை இதே சந்தேகத்தில்தான் நான்கு மாதம் படுத்தி எடுத்தோம். தண்ணீர் வேண்டுமென்றால் "சாவி, சாவி" என்பார். தப்பு என்று அவருக்கே தெரியும், தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் "சாவி". கிழமை கேட்டால் விழிப்பார். ஞாயிறு என்று எடுத்துக்கொடுத்தால் போதும், திங்கள், செவ்வாய் என்று ஓட்டிக்கொண்டு போய் புதனில் சரியாக பிரேக் போடுவார். அன்று புதன்தான்! டீ டம்ளரைத் தள்ளிவிடுவதைக்கூட அடத்தில்தான் சேர்த்தோம்.

1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த லெபோர்ன் என்ற நோயாளிக்கு "டான்" என்பதைத் தவிர ஏறக்குறைய எதுவும் வராது. கோபம் வந்தால் மட்டும் ஒரு வசவு முழுதாக வந்து விழும். அவர் இறந்தபின் மூளையைப் பார்த்தபோது இடது முன்பகுதி சிதைந்திருந்தது. பத்திரப்படுத்தி வைத்த அதே மூளையை எம்ஆர்ஐயில் வைத்துப் பார்த்து, சேதம் இன்னும் ஆழமாகப் போயிருக்கிறது என்று 2007இல் எழுதினார்கள்.

வசவு, கிழமை வரிசை, பாட்டு எல்லாம் சொல் சொல்லாகத் தேடி அடுக்குகிறவை இல்லை. ஊறிப்போய் ஒரே கட்டாக வருகிறவை. அதனால்தான் பலருக்கு இவை தப்பிவிடுகின்றன.

இதை வைத்து 1973இல் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஒரு பயிற்சியை வெளியிட்டார்கள். அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த சிகிச்சையாளர் செய்ததும் அதுதான். "தண்-ணி வே-ணும்" என்று ஏற்றி இறக்கி இழுப்பார், அசைக்கு ஒரு தட்டாக அப்பாவின் இடது கையைப் பிடித்து மேசையில் தட்டுவார். முதலில் சேர்ந்து பாடுவது, அப்புறம் பாதியில் சிகிச்சையாளர் நிறுத்திக்கொள்வது, கடைசியில் ராகத்தை எடுத்துவிடுவது. ராகத்தைவிடத் தாளமும் பழகிய வாக்கியமும்தான் முக்கியம் என்று 2011இல் ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் சொன்னார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது, அப்பாவுக்குச் சுருதி எப்போதுமே சேராது.

அதற்காக மளமளவென்று பேசிவிடுவார் என்று நினைக்காதீர்கள். பதினொரு மாதத்தில் இருபது வாக்கியம் வந்தது. புதிதாக ஒன்று கோத்துச் சொல்ல இன்றும் திணறுகிறார். எந்தெந்த வாக்கியம் என்பதைப் பெரியப்பாவே தேர்ந்தெடுக்கட்டும். அப்பா சர்க்கரை டப்பாவைக் காட்டிக் காட்டிக் கேட்டு வாங்கிய முதல் வாக்கியம், "டீக்கு சக்கர வேணாம்."