குருக்கள் விசாவும் ஆய்வு நிறுவனமும்

அண்ணா, தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த் கோயிலுக்கு வரவேண்டிய குருக்களின் விசா இழுத்தடிக்கிறது, குடிவரவு பற்றி ஆராயும் ஓர் ஆய்வு நிறுவனம் பேட்டி கேட்கிறது, கொடுத்தால் பயன் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் கொடுங்கள். உங்கள் ஃபைலை அவர்களால் நகர்த்த முடியாது, அதற்கு வக்கீலைத்தான் பார்க்கவேண்டும். ஆனால் இங்கே 1997இல் பசுமை அறிக்கை (கருத்துக் கேட்க அரசு வெளியிடும் முதல் வரைவு), 1999இல் வெள்ளை அறிக்கை (அரசின் கொள்கை அறிக்கை), அப்புறம்தான் 2002 குடிவரவுச் சட்டம் என்று வந்தது. சட்டம் உருவாகும் அப்படிப்பட்ட இடைவெளியில்தான் இந்த ஆய்வாளர்கள் திரட்டும் தகவலுக்கு மதிப்பு. வெளிநாட்டவர் ஒன்றரைக் கோடி என்று தெருவில் பேசுகிறார்கள், 2022 கணக்கெடுப்போ சுமார் 24 லட்சம் என்கிறது, இதை அதிகாரிகள் முன்னால் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டாமா? விண்ணப்ப ரசீது, திரும்பத் திரும்பக் கேட்ட கடிதங்கள், எல்லாவற்றையும் நகலெடுத்துக் கொடுங்கள், பாஸ்போர்ட் எண்ணை மட்டும் மறைத்துவிடுங்கள். ஆய்வுக்கு யார் பணம் தருகிறார்கள், அறிக்கை நாடாளுமன்றக் குழுவுக்குப் போகுமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.