லாடக்காரரிடம் என்ன சொல்ல, எப்படிச் சொல்ல? – கேள்வி பதில்

கேள்வி: என் குதிரைக்கு லாடம் கழன்று விழுந்தால்தான் லாடக்காரரைக் கூப்பிடுகிறேன். தப்பா?

தப்புதான். குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும், லாடம் வளராது. நுனி நீள நீள லாடம் முன்னால் போய், குதிப்பகுதிக்குத் தாங்கல் இல்லாமல் போய்விடும். லாடம் போட்ட குதிரைக்கு 4–6 வாரத்துக்கு ஒருமுறை, லாடமில்லாத வெறுங்குளம்புக்கு 6–8 வாரத்துக்கு ஒருமுறை அவரைக் கூப்பிடுங்கள். அவர் கிளம்புமுன் அடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லாடம் அடித்த இரண்டாம் நாள் நொண்டுகிறது. சொன்னால் சண்டை வருமோ என்று பயம்.

"நீங்க கெடுத்துட்டீங்க" என்று ஆரம்பித்தால் வரத்தான் செய்யும். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: எந்தக் கால், என்றைக்கு ஆரம்பித்தது, நடக்கும்போதா ஓடும்போதா, கெட்டித் தரையிலா மண்ணிலா. குளம்பைத் தொட்டு, மற்றக் காலைவிடச் சூடா என்று பாருங்கள். கணுவின் பின்புறம் இரு ஓரங்களிலும் விரல் வைத்து, நாடி ஓங்கித் துடிக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆணி உயிர்ச்சதையில் இறங்கியிருந்தால் பெரும்பாலும் அடிக்கும்போதே காலை இழுக்கும். சதையை ஒட்டிப் போய் நெருக்கினால் ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும். உங்கள் கேள்வியில் உள்ளது அநேகமாக இரண்டாவது வகை. லாடக்காரர் இடுக்கியால் அழுத்திப் பார்த்து, வலிக்கும் ஆணியைப் பிடுங்குவார். துளையில் ரத்தமோ சீழோ தெரிந்தால் கால்நடை மருத்துவரை அழையுங்கள், டெட்டனஸ் தடுப்பூசியையும் கேளுங்கள். லாடக்காரரோ மருத்துவரோ வருமுன் நீங்களாக வலிமாத்திரை கொடுத்தால் வலிக்கும் இடம் பிடிபடாது.

கேள்வி: போட்டோ அனுப்பினால் போதுமா?

கேமரா தரையோடு இருக்கட்டும். கெட்டியான சமதரையில் முன்னிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, தூக்கிய காலின் அடிப்பகுதி ஒன்று. மேலே நின்று எடுத்த படம் கோணத்தை ஏமாற்றும். நொண்டலுக்கு வீடியோதான்.

கேள்வி: டாக்டர் குதியை உயர்த்தச் சொல்கிறார், லாடக்காரர் வேண்டாம் என்கிறார். நான் யார் பக்கம்?

யார் பக்கமும் வேண்டாம், நடுவில் தூது போவதையும் நிறுத்துங்கள். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் குளம்பின் அடித்தட்டின் கனமும் குளம்புக்குள் இருக்கும் எலும்பின் சாய்வும் தெரியும். படத்தை இருவருக்கும் அனுப்பி, அவர்களையே நேரடியாகப் பேச வையுங்கள்.

கேள்வி: காலைத் தூக்க விடுவதில்லை. முன்கூட்டியே சொல்லணுமா?

கட்டாயம். உதைத்ததை மறைப்பது அவர் முதுகோடு விளையாடுவது. தினமும் ஒவ்வொரு காலையும் சில நொடி தூக்கி, குதிரை இழுக்குமுன் நீங்களே இறக்கிப் பழக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மயக்க ஊசி மருத்துவர் வேலை.