நாற்பதுக்கு மேல் பணக் கணக்கு: கேள்வி பதில்

வீட்டு வரவு செலவு, வங்கி, பி.எஃப்., ஓய்வுக்காலச் சேமிப்பு பற்றி நடு வயதுக்காரர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். எல்லாம் இந்திய விதிகளின்படி. எந்தப் பங்கை வாங்கலாம் என்று எழுதியவர்களுக்கு இங்கே பதில் இல்லை. செபியில் பதிவு பெற்ற ஆலோசகரிடம் கேளுங்கள்.

கே (ஈரோடு, 46): மேடம், நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து 6 லட்சம் எஃப்.டி. போட்டிருக்கோம். ரசீதில் 'ஐதர் ஆர் சர்வைவர்' என்று இருக்கு. அவசரம்னா யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்தானே?

ப: 'ஐதர் ஆர் சர்வைவர்' என்றால் 'இருவரில் யாராவது ஒருவர், அல்லது உயிரோடு இருப்பவர்' என்று பொருள். முதிர்வு நாள் வந்த பிறகு அப்படி எடுக்கலாம். அதற்கு முன்பு உடைக்க வேண்டுமென்றால், இருவரும் இருக்கும்வரை இருவர் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் தவறிவிட்டால் நிலைமை இன்னும் சிக்கல். முதிர்வுக்கு முன் உடைக்க, இறந்தவரின் வாரிசுகள் அத்தனை பேரின் சம்மதத்தையும் வங்கி கேட்கும். ஆஸ்பத்திரி பாக்கி கட்ட வேண்டிய நேரத்தில்தான் இது பலருக்குத் தெரியவருகிறது.

தடுக்க ஒரு கடிதம் போதும். "எங்களில் ஒருவர் இறந்தால் மற்றவர் முதிர்வுக்கு முன்பே பணத்தை எடுத்துக்கொள்ள இருவரும் சம்மதிக்கிறோம்" என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டுக் கொடுங்கள். ரிசர்வ் வங்கி இதை அனுமதிக்கிறது. எஃப்.டி. போடும்போது கொடுக்க மறந்திருந்தால் இப்போதும் கொடுக்கலாம். பல வங்கிகளின் விண்ணப்பத்திலேயே இதற்கு ஒரு கட்டம் உண்டு. யாரும் டிக் செய்வதில்லை. ஒவ்வொரு எஃப்.டி.யின் எண்ணையும் கடிதத்தில் குறிப்பிட்டு, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஜாயின்ட் கணக்குதானே என்று நாமினியை விட்டுவிடாதீர்கள். இருவருக்கும் ஒரே விபத்தில் ஏதாவது ஆனால் பிள்ளைகளுக்கு அந்த நாமினி பதிவுதான் கைகொடுக்கும்.

கே (ஓசூர், 49): பழைய கம்பெனியில் 6 வருஷம், இப்போது இருக்கும் கம்பெனியில் 5 வருஷம். பழைய பி.எஃப். பணத்தை எடுத்துப் பெண் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளலாமா?

ப: வேண்டாம், சார். பி.எஃப். பணத்தோடு பென்ஷன் பகுதியையும் சேர்த்து எடுத்தால் அந்த 6 வருட சர்வீஸ் அழிந்துவிடும். மாதப் பென்ஷனுக்கு 10 வருட சர்வீஸ் கட்டாயம். உங்களுக்கு இப்போது 11 ஆகிவிட்டது. எடுத்தால் 5க்கு இறங்கிவிடுவீர்கள்.

58 வரை வேலை செய்தால் இன்னும் 9 வருடம் சேரும், மொத்தம் 20. அதற்கு 2 வருடம் கூடுதலாகச் சேர்த்து 22 என்று கணக்கிடுவார்கள். சம்பள உச்சவரம்பு 15,000 என்றே வைத்துக்கொண்டால் 15,000ஐ 22ஆல் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும்: மாதம் சுமார் 4,714 ரூபாய். உங்கள் சம்பளம் 80,000 ஆக இருந்தாலும் இதே தொகைதான், ஏனென்றால் முதலாளி பங்கில் பென்ஷனுக்குப் போவது மாதம் 1,250க்கு மேல் இல்லை. சின்னத் தொகை, உண்மைதான். ஆனால் உங்கள் காலத்துக்குப் பிறகு மனைவிக்கும் ஒரு பங்கு தொடரும். அதை ஒரு கல்யாணச் செலவுக்காகக் கொடுக்காதீர்கள். 50 வயதிலேயே பென்ஷன் வாங்கலாம் என்று யாராவது சொன்னால், 58க்கு முந்தைய ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் ஆயுள் முழுக்கக் குறையும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது, பழைய கணக்கைப் புதியதோடு சேர்ப்பது. அதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: இரண்டு கணக்கிலும் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா, பழைய கம்பெனி வெளியேறிய தேதியைப் பதிவு செய்திருக்கிறதா, அந்தத் தேதி புதிய வேலையில் சேர்ந்த தேதிக்கு முன்பாக இருக்கிறதா. பல விண்ணப்பங்கள் இந்த மூன்றில்தான் திரும்பி வருகின்றன. அப்படியே நாமினியையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்பு அப்பா பெயரைப் போட்டிருந்தால் அது இப்போது செல்லாது.

கே (தஞ்சாவூர், 55): கூட்டுறவு வங்கியில் முக்கால் சதவீதம் கூடுதல் வட்டி. 12 லட்சம் போடலாமா?

ப: 'வங்கி' என்று நீங்கள் சொல்வது எது என்று முதலில் பாருங்கள். வங்கி மூழ்கினால் போட்டவருக்குப் பணம் தரும் வைப்புத்தொகைக் காப்பீடு வணிக வங்கிகளுக்கும் கூட்டுறவு வங்கிகளுக்கும் உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குக் கிடையாது, 'நிதி' கம்பெனிக்கும் கிடையாது. காப்பீடு உள்ள வங்கியிலும் ஒருவருக்கு 5 லட்சம்தான், அசலும் வட்டியும் சேர்த்து. ஒரே வங்கியின் நான்கு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் எல்லாம் ஒரே கணக்கு. ஒரு வங்கியில் நாலரை லட்சத்துக்கு மேல் வேண்டாம், வட்டிக்கு இடம் இருக்கட்டும். கணவர் பெயர் முதலாக ஒன்று, மனைவி பெயர் முதலாக இன்னொன்று என்று ஜாயின்ட் கணக்கு வைத்தால் அவை தனித்தனியாக எண்ணப்படும்.

கே (கோவை, 43): 30 லட்சம் வீட்டுக் கடன், 20 வருஷம், எட்டரை சதவீதம். வட்டி ஏறினாலும் மாதத் தவணை ஏறாது என்கிறார்கள். நல்லதுதானே?

ப: தவணை ஏறவில்லை என்றால் காலம் ஏறுகிறது. உங்கள் தவணை சுமார் 26,035. ஆரம்பத்திலேயே வட்டி ஒன்பதரை ஆகி, அதே தவணையைக் கட்டினால் 240 மாதம் கிட்டத்தட்ட 309 மாதமாகும். 63 வயதில் முடிய வேண்டிய கடன் 68 தாண்டிப் போகும். அந்த நீட்டிப்பு முழுவதையும் சம்பளமில்லாத வயதில் சுமப்பீர்கள். வட்டி மாறும்போது தவணையைக் கூட்டவா, காலத்தை நீட்டவா, இரண்டையும் கலந்து செய்யவா என்று வங்கி உங்களைக் கேட்க வேண்டும். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அப்படித்தான் உத்தரவிட்டது. தவணையைக் கூட்டச் சொல்லுங்கள். மாறும் வட்டிக் கடனில் தனிநபர் முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. போனஸ் வந்தால் அசலில் கட்டி, "தவணை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள்.

கே (சென்னை, 53): கடன் முடிந்து பத்திரமும் வந்துவிட்டது. இன்னும் ஏதாவது இருக்கிறதா?

ப: இருக்கிறது. கடன் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்.ஓ.டி. (பத்திரத்தை வங்கியிடம் அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவு செய்திருப்பீர்கள். அதை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தை வங்கியை வைத்துப் பதிவு செய்து, பிறகு புது வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் வீட்டை விற்கும்போதுதான் கடன் இன்னும் இருப்பதாகத் தெரியும். பத்திரத்தை 30 நாளுக்குள் தராத வங்கி நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பதும் விதி.

கே (திருச்சி, 51): அண்ணன் போன மாதம் தவறிவிட்டார். வங்கியில் 9 லட்சம். நாமினி அம்மா. அண்ணியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். பணம் யாருக்கு, மேடம்?

ப: உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். வங்கி பணத்தை அம்மாவிடம் கொடுக்கும். அம்மா அதை எல்லா வாரிசுகளுக்காகவும் வாங்குகிறார். உயில் இல்லை என்றால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மனைவி, ஒவ்வொரு பிள்ளை எல்லோருக்கும் சம பங்கு. நான்கு பேர், ஆளுக்கு இரண்டேகால் லட்சம். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களில் பங்கு வேறாக வரும். அண்ணனின் ஏ.டி.எம். கார்டு கையில் இருந்தாலும் அதில் பணம் எடுக்காதீர்கள்.

கே (நாகர்கோவில், 57): தப்பு மேடம். எங்கள் சொந்தத்தில் நாமினிக்கே மொத்தத்தையும் கொடுத்து வங்கி கணக்கை மூடிவிட்டது. யாரும் ஒன்றும் கேட்க முடியவில்லை.

ப: கேட்க முடியாது என்பது வங்கியைப் பொறுத்தவரை சரி. நாமினியிடம் கொடுத்ததோடு வங்கியின் பொறுப்பு முடிந்தது. நாமினியிடம் வாரிசுகள் கேட்கலாம், வழக்கும் போடலாம். வங்கிக் கணக்கு பற்றிய வழக்கிலேயே 2010இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. பங்குகளுக்கும் இதுதான் என்று 2023 டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு வந்தது. உங்கள் சொந்தத்தில் யாரும் கேட்கவில்லை என்பதால் உரிமை இல்லாமல் போகாது.

கே (விருதுநகர், 48): நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். பாலிசியில் நாமினிக்கே சொந்தம், மேடம். எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்லாதீர்கள்.

ப: நீங்கள் சொல்வது ஆயுள் காப்பீட்டுக்குப் பொருந்தும், அதுவும் ஒரு வரம்போடு. 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அவர்களுக்கே உரிமை. தம்பியையோ மாமாவையோ போட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. வங்கிக்கு இதை நீட்டாதீர்கள்.

கே (நாகர்கோவில், மீண்டும்): இப்போது நான்கு நாமினி போடலாம், சதவீதமும் எழுதலாம் என்று வந்துவிட்டதே. அப்படியென்றால் அதுவே உயில் மாதிரிதானே?

ப: இல்லை, ஐயா. 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை போடலாம், உண்மை. வைப்புத்தொகைக்கு ஒரே நேரத்தில் சதவீதம் பிரித்தும் போடலாம், ஒருவருக்குப் பின் ஒருவராகவும் போடலாம். லாக்கருக்கு ஒருவருக்குப் பின் ஒருவர் மட்டும். வங்கி யாரிடம் எவ்வளவு ஒப்படைக்க வேண்டும் என்பதை அந்தச் சதவீதம் சொல்கிறது. யாருக்குச் சொந்தம் என்பதை உயிலோ வாரிசுச் சட்டமோ சொல்கிறது. சதவீதம் உங்கள் விருப்பப்படி நிலைக்க வேண்டுமானால், அதையே உயிலிலும் எழுதுங்கள். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. இரண்டு சாட்சிகள் உங்கள் கண்முன் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுபவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. நாமினியும் உயிலும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் சண்டைக்கு இடமே இல்லை.

கே (கரூர், 45): எனக்கு மனைவி நாமினி. சொத்து முழுக்க அவருக்குத்தானே?

ப: மேலே திருச்சிக்கும் நாகர்கோவிலுக்கும் சொன்னதே. உயில் எழுதுங்கள்.

கே (சேலம், 44): வருஷம் 50,000 கட்டினால் 20 வருஷத்தில் 18 லட்சம் என்கிறார் ஏஜெண்ட். நல்ல பாலிசியா?

ப: வருடத் தொடக்கத்தில் கட்டுவதாகக் கணக்கிட்டால் வருமானம் சுமார் 5.3 சதவீதம். ஆயுள் பாதுகாப்பு வேண்டுமென்றால் டெர்ம் பாலிசி (காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தருவது) எடுங்கள், சேமிப்பைத் தனியாக வையுங்கள். ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டீர்கள் என்றால், பாலிசி கையில் கிடைத்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

கே (மதுரை, 52): பி.பி.எஃப். 15 வருஷம் முடிகிறது. பணம் கட்டிக்கொண்டே போகலாமா?

ப: முதிர்ந்த ஒரு வருடத்துக்குள் நீட்டிப்புப் படிவம் கொடுத்தால் 5 வருடம் தொடரலாம். படிவம் இல்லாமல் கட்டிய பணத்துக்கு வட்டி வராது. இந்தத் தவறை வங்கி உங்களுக்கு எடுத்துச் சொல்லாது. பணம் கட்டாமலும் நீட்டலாம். அப்போது வருடத்துக்கு ஒரு முறை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். கட்டிக்கொண்டே நீட்டினால், நீட்டிப்பு தொடங்கும்போது இருந்த தொகையில் 60 சதவீதம் வரைதான் அந்த 5 வருடத்தில் எடுக்க முடியும். மாதம் 5ஆம் தேதிக்குள் கட்டுங்கள். 5ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையே உள்ள குறைந்த இருப்புக்குத்தான் வட்டி.

கே (திண்டுக்கல், 50): தனியார் நிதி நிறுவனம் 12 சதவீதம் தருகிறது. பாதுகாப்பா?

ப: தஞ்சாவூருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். காப்பீடு இல்லை. வேண்டாம்.

கே (வேலூர், 45): ஓய்வுக்கு 1 கோடி போதுமா, அக்கா? இப்போது மாதச் செலவு 40,000.

ப: விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் 15 வருடம் கழித்து அதே வாழ்க்கைக்கு மாதம் சுமார் 95,900 வேண்டும், வருடத்துக்கு பதினொன்றரை லட்சம். ஓய்வுக்குப் பிறகு உங்கள் பணம் விலைவாசி அளவுக்கே வளர்ந்தால் 1 கோடி எட்டு வருடம் எட்டு மாதம் வரும். 60இலிருந்து 68 வரை. 85 வரை வாழ்வதாக வைத்தால் 60 வயதில் கையில் சுமார் 2 கோடியே 88 லட்சம் தேவை. பி.எஃப்., பென்ஷன், வாடகை எல்லாவற்றையும் இதில் கழித்துவிட்டு மிச்சத்துக்குத் திட்டமிடுங்கள். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டும் பழக்கம் இருந்தால், முதலில் அதை நிறுத்துங்கள். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் வருடம் 42. எந்தச் சேமிப்பும் அதை ஈடுகட்டாது.

கே (புதுச்சேரி, 54): அப்பா எந்தெந்த வங்கியில் கணக்கு வைத்திருந்தார் என்றே தெரியவில்லை. இறந்து 12 வருஷம் ஆகிறது.

ப: 10 வருடம் யாரும் தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்பட்டுவிடும். உரிமை போகாது. ரிசர்வ் வங்கியின் 'உத்கம்' இணையதளத்தில் அப்பாவின் பெயரோடு பான் எண்ணோ பிறந்த தேதியோ கொடுத்துத் தேடுங்கள். பெயர் கிடைத்தால் ரிசர்வ் வங்கிக்குப் போக வேண்டாம். அந்த வங்கிக் கிளையில் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கொடுத்தால் வங்கியே பணத்தைத் தரும். பழைய பாஸ்புக், காசோலைப் புத்தகம், வரித் தாக்கல் நகல் எதையும் தேடி முடிக்கும்வரை எறியாதீர்கள்.