பேப்பர் ஏன் இளைக்கிறது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஏழு ரூபாய்க்கு விற்கும் நாளிதழில் நிர்வாகத்துக்கு என்ன மிஞ்சும்? இரண்டு ரூபாய் ஏற்றினால் பிழைத்துக்கொள்ளாதா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ஒரு பிரதியை எடைபோட்டுப் பார்ப்போம். 12 பக்கப் பேப்பரில் ஆறு தாள். ஒரு தாள் ஏறத்தாழ 33 செ.மீ. அகலம், 54 செ.மீ. உயரம். காகிதம் சதுர மீட்டருக்கு 45 கிராம் என்றால் ஒரு தாள் 8 கிராம், பேப்பர் 48 கிராம். கிழிசல், கழிவு சேர்த்து 50 கிராம் என்று வையுங்கள். ஒரு டன்னுக்கு 20,000 பிரதி. டன் 60,000 ரூபாய் என்று கொண்டால் வெற்றுக் காகிதத்துக்கே பிரதிக்கு 3 ரூபாய். ஏஜென்ட்டுக்கும் வீட்டில் கொண்டுவந்து போடுபவருக்கும் 30 சதவீதம் போனால் ஏழு ரூபாயில் கைக்கு வருவது 4 ரூபாய் 90 காசு. மீதி 1 ரூபாய் 90 காசுக்குள் மை, மின்சாரம், வேன் வாடகை, நிருபர் சம்பளம் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. இத்தனை காலமும் அந்தப் பள்ளத்தை நிரப்பியது விளம்பரம்தான். 'வீடு வாடகைக்கு', 'மணமகள் தேவை', 'ஆட்கள் தேவை' என்ற வரி விளம்பரங்கள்தான் முதலில் செல்போனுக்குப் போயின. வாசகர் போனது அதற்குப் பிறகு.

இன்னொரு கணக்கு இதைவிடக் கொடியது. வண்ணப் பக்கம் ஒன்றுக்கு, மை வண்ணத்துக்கு ஒன்றாக நான்கு அலுமினியப் பிளேட் (அச்சுத் தகடு), கறுப்பு வெள்ளைப் பக்கத்துக்கு ஒன்று. 12 பக்கத்தில் ஆறு வண்ணம் என்றால் 30 பிளேட். 5,000 பிரதி அடித்தாலும் 50,000 அடித்தாலும் அதே 30தான். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் மையும் தண்ணீரும் சமனாகி, நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை வெளிவரும் பிரதிகள் விற்பனைக்கு ஆகாது. முகத்தின் விளிம்பில் சிவப்பு நிழல் தனியாகத் தெரியும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். வண்ணம் உட்காராமல் வந்தவை அவை. இப்படி 500 பிரதி வீணானால் 50,000 ஓட்டத்தில் அது 1 சதவீதம். 5,000 ஓட்டத்தில் 10 சதவீதம். விற்பனை குறையக் குறைய ஒவ்வொரு பிரதியின் அடக்கவிலையும் ஏறுவது இதனால்தான்.

விலையை ஏற்றலாம். ஆனால் ஒரு தெருவில் 40 வீடு 15 ஆகிவிட்டால், பேப்பர் போடும் பையன் அதே தெருவை அதே நேரம் சுற்றிப் பாதிக் காசுகூடப் பார்க்கமாட்டான். அவன் நின்றுவிட்டால் மிச்சமிருக்கும் 15 வீட்டுக்கும் பேப்பர் வராது. பல ஊர்களில் சந்தா அறுவது இந்த இடத்தில்தான்.

காகித விலையும் பத்திரிகைகளின் கையில் இல்லை. இறக்குமதிக் காகிதத்துக்கு 2019 பட்ஜெட்டில் 10 சதவீதச் சுங்கவரி வந்து, 2020இல் 5 ஆகக் குறைந்தது. ஆன்லைன் வியாபாரம் பெருகியதும் வெளிநாட்டு ஆலைகள் பல அட்டைப்பெட்டிக் காகிதத்துக்கு மாறின. 2022இல் உக்ரைன் போர் தொடங்கி ரஷ்யக் காகிதம் வருவதும் தடைப்பட்டது. டாலர் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்ட இலங்கையில், அந்த மார்ச் மாதம் 'தி ஐலண்ட்', 'திவயின' இரண்டும் காகிதம் இல்லாமல் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தின.

கேள்வி: இரவு கிரிக்கெட் மேட்ச் முடிவு எங்கள் ஊர்ப் பேப்பரில் வருவதே இல்லை. ஏன்?
– வாசகி, சங்கரன்கோவில்

பதில்: உங்களுக்கு வருவது முதலில் அச்சாகும் வெளியூர்ப் பதிப்பாக இருக்கும். அதை டாக் எடிஷன் என்பார்கள். அதிகாலை ஐந்துக்குள் கட்டு உங்கள் பஸ் ஸ்டாண்டில் இறங்க வேண்டுமானால், நான்கு மணி நேரப் பயணத்துக்கு வேன் ஒரு மணிக்குள் கிளம்ப வேண்டும். அச்சடிக்க, கட்ட, பிரிக்க நேரம் போனால் கடைசிப் பக்கம் பதினோரு மணிக்கே முடிந்திருக்க வேண்டும். மேட்ச் முடியவே பதினொன்றரை ஆகிவிடும். செலவைக் குறைக்கப் பக்கத்து ஊர் அச்சகத்தை மூடித் தொலைவிலிருந்து அனுப்பத் தொடங்கினால், இந்தக் கெடு இன்னும் முன்னால் வரும். அப்படிப்பட்ட பதிப்பை வாசகர் கைவிடுவதைக் குறைசொல்ல முடியாது.

கேள்வி: கோர்ட் நோட்டீசைப் பேப்பரில் போடச் சொல்கிறார்கள். இணையதளத்தில் போட்டால் போதாதா?
– வாசகர், தருமபுரி

பதில்: போதாது. நேரில் சம்மன் சார்பு செய்ய, அதாவது கையில் சேர்க்க, முடியாதபோது, உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 5 விதி 20இன்படி கோர்ட் பத்திரிகை விளம்பரத்துக்கு உத்தரவிட்டால், எதிர்மனுதாரர் கடைசியாகக் குடியிருந்த பகுதியில் விற்பனையாகும் நாளிதழில் அது வர வேண்டும். 2013 நில எடுப்புச் சட்டத்தின் பிரிவு 11 இரண்டு நாளிதழ் கேட்கிறது. ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். கடனுக்காக வங்கி சொத்தைச் சுவாதீனம் எடுத்தால் ஏழு நாளுக்குள் இரண்டு பத்திரிகையில் அறிவிக்க வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு, மலிவு என்று வேறு ஊர்ப் பதிப்பில் போடுவது. எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டால் பணமும் வாய்தாவும் வீண். பணம் கட்டும்போதே எந்தப் பதிப்பு என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். வந்த அன்றே மூன்று பிரதி வாங்கி வையுங்கள். விளம்பரத்தை மட்டும் வெட்டாதீர்கள். மேலே நாளிதழ் பெயர், தேதி, பதிப்பு தெரிய முழுப் பக்கமாக வைத்திருங்கள்.

இந்தச் சட்ட விளம்பரம் எவ்வளவு பெரிய தூண் என்பதற்கு ஆஸ்திரியாவைப் பாருங்கள். 1703இல் தொடங்கிய 'வீனர் ஸைட்டுங்' அரசுக்குச் சொந்தமான நாளிதழ். கம்பெனிகள் கட்டணம் கட்டி அதில் அறிவிப்பு வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தைச் சட்டம் நீக்கியது. வருமானம் அறுந்தது. 2023 ஜூன் 30தான் அதன் கடைசி அச்சு நாளிதழ். நம் நாட்டிலும் அப்படி ஒரு திருத்தம் வந்தால் சிறிய நாளிதழ்கள் முதலில் விழும்.

கேள்வி: பழைய பேப்பரில் பஜ்ஜி மடித்துக் கொடுக்கிறார்களே, கெடுதலா?
– வாசகி, வேலூர்

பதில்: கெடுதல்தான். நாளிதழ் மை காய்வதில்லை, காகிதத்துக்குள் உறிஞ்சப்படுகிறது. விரலில் கறுப்பு ஒட்டுவது அதனால்தான். சூடான எண்ணெய் அதைக் கரைத்துப் பலகாரத்தில் ஏற்றும். உணவுப் பொட்டலத்துக்கான 2018 விதிமுறை இதைத் தடைசெய்கிறது. வாழையிலைத் துண்டு கேளுங்கள்.

கேள்வி: 1980களில் தாத்தாவைப் பற்றி வந்த செய்தித் துண்டு மஞ்சளாகி உதிர்கிறது. எப்படிக் காப்பது? முழுப் பேப்பர் எங்கே கிடைக்கும்?
– வாசகர், காரைக்குடி

பதில்: மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகிறது, உள்ளிருக்கும் அமிலம் தாளை நொறுக்குகிறது. லேமினேஷன் செய்துவிடாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. செல்லோ டேப்பும் வேண்டாம். குண்டூசி, பின் இருந்தால் எடுத்துவிடுங்கள், துரு தின்றுவிடும். முதலில் 400 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். தாளின் முதுகில் ஒரு கறுப்புக் காகிதம் வைத்தால் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரியாது. பிறகு அமிலமில்லாத காகித உறையில் மடிக்காமல் படுக்கையாக வையுங்கள். வெயில் இறங்கும் பரண் ஆகாது, பீரோவின் நடுத்தட்டு நல்லது.

முழுப் பேப்பருக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் கேளுங்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டமும் 1956 திருத்தமும் நாளிதழ்களை அனுப்பச் சொல்லும் நான்கு நூலகங்களில் அது ஒன்று. தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் விசாரிக்கலாம். தேதியோடு பதிப்பையும் குறித்துக்கொண்டு போங்கள். மதுரைப் பதிப்பில் வந்த உள்ளூர்ச் செய்தி அதே நாள் சென்னைப் பதிப்பில் இல்லாமல் போகலாம்.