வாசகர் கேள்வி பதில்: பிளஸ் டூ ஆங்கிலம்

கேள்வி: விடை எல்லாம் தெரிகிறது. ஆனாலும் ஐந்து மதிப்பெண் கேள்வியில் ஒன்றிரண்டு விட்டுப்போகிறது. என்ன செய்வது? (மாணவர், தக்கலை)

மாநிலப் பாடத்திட்டத் தாளுக்கு 90 மதிப்பெண், 3 மணி நேரம். ஒரு மதிப்பெண்ணுக்கு 2 நிமிடம். முதல் 20 ஒரு மதிப்பெண் கேள்விகளை 15 நிமிடத்தில் முடியுங்கள். இரண்டு மதிப்பெண் ஏழுக்கு 25, மூன்று மதிப்பெண் ஏழுக்கு 40, ஐந்து மதிப்பெண் ஏழுக்கு 80 நிமிடம். திருப்பிப் பார்க்க 20 நிமிடம் மிஞ்சும். பலருக்கு நேரம் கரைவது இரண்டு மதிப்பெண் கேள்வியில்தான். இரண்டு வரி போதுமான இடத்தில் அரைப் பக்கம் எழுதிவிடுகிறார்கள். ஐந்து மதிப்பெண் பகுதியில் பிழைதிருத்தத்தை முதலில் முடித்துவிடுங்கள். மனப்பாடம் வேண்டாம், விரைவில் முடியும். ‘தோ’ (though) என்று தொடங்கிய வாக்கியத்தில் ‘பட்’ (but) இருந்தால் அதை அடியுங்கள். ‘ஒன் ஆஃப் தி’ வந்தால் அடுத்த பெயர்ச்சொல் பன்மையா என்று பாருங்கள்.

கேள்வி: பிரெசி (பத்தியைச் சுருக்கி எழுதுவது) எத்தனை சொல்லில் இருக்க வேண்டும்? (மாணவி, குளச்சல்)

மூன்றில் ஒரு பங்கு. 150 சொல் பத்தி என்றால் 50. உதாரணங்களும் மேற்கோளும் முதலில் போகட்டும். தலைப்பை மறக்காதீர்கள்.

கேள்வி: பள்ளியில் 1000 சொல்லில் ஆங்கில ப்ராஜெக்ட் கேட்டிருக்கிறார்கள். ‘குமரி மாவட்ட ரப்பர்’ என்று எடுத்தேன், எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. (மாணவி, குலசேகரம்)

தலைப்பு அகலம், அதனால்தான் கை ஓடவில்லை. இப்படியே எழுதினால் இணையத்தில் கிடைப்பதை ஒட்டுவதில் போய் முடியும். ஒரே கேள்வியாகக் குறுக்குங்கள்: ‘மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றால் கூலி என்ன ஆகிறது?’ பால்வெட்டு என்பது மரப்பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுப்பது. பட்டை நனைந்தால் பால் அதைப் பிடிக்கும் சிரட்டைக்குள் போகாமல் பட்டையோடு வழிந்து வீணாகும். அதனால்தான் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் மறைப்பு கட்டுகிறார்கள். பால்வெட்டுகிறவர்கள் மூன்று பேரிடமாவது பேசுங்கள். வெட்டு விடியற்காலையிலேயே நடப்பதால் வேலை முடிந்த பிறகு போனால்தான் ஆள் ஓய்வாகக் கிடைப்பார். எத்தனை மரம், மாதம் எத்தனை நாள் வேலை, மழை மாதத்தில் எத்தனை நாள் என்று எண்ணாகவே கேளுங்கள். அவர்கள் தமிழில் சொன்னதை அன்றே தமிழில் குறித்துக்கொண்டு, ஆங்கிலமாக்குவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னுரை 120, தகவல் திரட்டிய முறை 130, கண்டறிந்தது 550, முடிவுரை 200 சொல். முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். சமர்ப்பிக்க ஒரு வாரம் முன்பே முதல் வரைவை ஆசிரியரிடம் காட்டிவிடுங்கள். முந்தைய நாள் காட்டினால் எழுத்துப்பிழையை மட்டும்தான் திருத்த முடியும்.